விட்டுட்டா சைபர்தானுங்க

ஏனுங்க, அந்த ஃபைலைக் கீழ வெக்காதீங்க. பின்னால யாரோ தண்ணியக் கொட்டிப்போட்டாங்க, அடியில ஓடுது. மடியிலயே வெச்சுக்கோங்க, நான் தள்ளி உக்காந்துக்கறேன். உள்ளார ஹால் டிக்கெட்டாட்டம் தெரிஞ்சுது, அதான் கேக்கறேன். பையனுக்குங்களா? இன்ஜினியரிங் பரீட்சைதானுங்களே, இந்தியா பூராவும் கம்ப்யூட்டர்ல எழுதறாங்களே அது. பாத்ததும் நெனச்சேன். எந்த ஊரு எறங்கோணும்? திருநெல்வேலிங்களா. அப்பச் சரி, மூணு மணி நேரம் இருக்குது. உங்க நல்ல நேரம், என்கிட்ட வந்து உக்காந்தீங்க.

நான் நாகர்கோவில் தாண்டிப் போறனுங்க. காலைல அஞ்சு மணிக்குத் திருச்செங்கோட்டுல ஏறுனவன். இது மூணாவது பஸ்ஸு. என்ற பேரு அர்த்தனாரி. எங்கூர்ல தெருவுக்கு மூணு அர்த்தனாரி இருப்பாங்க, எடை மேடை அர்த்தனாரின்னு கேட்டாத்தான் என்னயக் காட்டுவாங்க. நாமக்கல் ரோட்டுல லாரி எடை போடற மேடை வெச்சிருக்கறேன். லோடோட வண்டி ஏறுனா அது கிராஸ். காலி வண்டி ஏறுனா அது டேர். கழிச்சா நெட்டு. சரக்கு இவ்வளவுதான்னு சீட்டு அடிச்சுக் குடுத்துருவேன். யாரும் வாயத் தொறந்து பேச வேண்டியதில்லீங்க. இருவத்தாறு வருசமா இதான் தொழிலு.

பையனுக்கு மார்க் எப்படிப் போடுவாங்கன்னு தெரியுமுங்களா? தெரியும்னு தலையாட்டறீங்க. எல்லாரும் அப்படித்தான் ஆட்டுறாங்க. கேட்டுக்கோங்க. எழுவத்தஞ்சு கேள்வி. சரின்னா நாலு. தப்புன்னா மைனஸ் ஒண்ணு. விட்டுட்டா சைபர். மொத்தம் முன்னூறு. பூராவும் இந்த மூணு வரியிலதான் இருக்குது. படிக்கறது கெடக்கட்டும், மொதல்ல இதைப் பையன் ரத்தத்துல ஏத்தோணும். நான் ஏத்துனேன். என்ற பொண்ணுக்கு ஏத்துனேன்.

பொண்ணு பேரு மிருதுளா. ஒத்தப் பொண்ணு. கெட்டிக்காரிங்க, ஆனா வாய் ஓயாது. ஒண்ணு கேட்டா ஒம்பது சொல்லுவா. ஒண்ணரை வருசத்துக்கு முன்னால, ஆடி மாசம், கோச்சிங் சென்டர்ல ஒரு மாதிரித் தேர்வு வெச்சாங்க. எழுவத்தஞ்சையும் அடிச்சுப்போட்டா. முப்பத்தாறு சரி, முப்பத்தொம்பது தப்பு. நூத்தி நாப்பத்துநாலு வரோணும், தப்புக்குக் கழிச்சு நூத்தியஞ்சு வந்துச்சு. அங்க மணிபாரதின்னு ஒரு சாரு, கணக்குச் சாரு, என்னயக் கூப்பிட்டு, "உங்க பொண்ணுக்குத் தெரிஞ்சது கம்மியில்லைங்க, கைதான் நிக்க மாட்டேங்குது, கொஞ்சம் விடப் பழக்குங்க"ன்னாரு. வேற ஒண்ணுஞ் சொல்லலை. ஆனா நானு புடிச்சுக்கிட்டேன். எடை மேடைக்காரனுக்கு டேர் புரியாதுங்களா?

ஊட்டுக்கு வந்து பொண்ணைக் கூப்பிட்டு உக்கார வெச்சுச் சொன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமுங்களா? "அப்பா, நாலு ஆப்ஷன்ல குருட்டாம்போக்குல அடிச்சாக்கூட நாலுக்கு ஒண்ணு சரியாகும்ங்கப்பா. அதுக்கு நாலு வரும், மீதி மூணு தப்புக்கு மூணு போகும். அப்பவும் ஒரு மார்க் மிச்சந்தானே"ன்னா. பாருங்க வாய. அன்னைக்குத்தான் மொத மைனஸ் போட்டேன். எதிர்த்துப் பேசுனதுக்கு ஒண்ணு.

மக்யா நாள்ல இருந்து, அடுத்த நாளுங்க, ஊட்டுல அதே முறை. பரீட்சைக்கு ஒரு நாளு, ஊட்டுல ஒரு நாளுன்னு இருந்தாப் பழகுமுங்களா? ஊட்டுல யாரு எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலும் சரின்னா நாலு, தப்புன்னா மைனஸ் ஒண்ணு. பொண்ணுக்கு மட்டும் வெச்சாச் சங்கடப்படுவான்னு சம்சாரத்தையும் சேத்துக்கிட்டேன். என்ற சம்சாரம் பேரு சாந்தாமணி. மொத நாளே, "மழை வருமா?"ன்னு கேட்டேன். "வரும்"னா. வரலை. மைனஸ் ஒண்ணு. மழை வராததுக்கு எனக்கெதுக்கு மைனஸுன்னு சண்டைக்கு வந்துட்டா. தெரியலைன்னா விட்டிருக்கோணும், யாரு உன்னய அடிக்கச் சொன்னதுன்னு கேட்டேன். நியாயந்தானுங்களே?

சீட்டும் உண்டுங்க. வெறும் வாயில சொன்னா மறந்துருவாங்க. பொழுதானா மேடைக் கம்ப்யூட்டர்லயே அடிச்சுக் கொண்டுவருவேன். வண்டி எண்ங்கற எடத்துல பேரு. சரக்குங்கற எடத்துல 'பதில்'. சரிக்கு வந்தது கிராஸ் நாப்பத்துநாலு, மைனஸ் போனது டேர் பத்தொம்போது, நெட்டு இருவத்தஞ்சு. கீழ என்ற கையெழுத்து, மேடை முத்திரை. சாந்தாமணிக்கு மூணாம் நாளு மைனஸ் ஆறு. அதுல ஒரு சிக்கலாயிருச்சு. எங்க மெசின் மைனஸ் எடையை அடிக்காது. பேனாவுல எழுதிக் குடுத்தேன். அவ அதை வாங்கிப் பாத்துப்போட்டு அடுப்புப் பத்த வெச்சா. மறு சீட்டு எழுதிக் குடுத்தேன்.

உங்க பையனுக்கு ஊட்டுல யாருங்க பாக்கறாங்க? நீங்கதானா. நல்லது. சம்சாரத்துகிட்ட விட்டுறாதீங்க.

அப்புறம் பர்சன்டைல். அதைக் கேட்டிருப்பீங்க, புரிஞ்சிருக்காது. எனக்கும் மொதல்ல புரியலை. மணிபாரதி சாரு போர்டுல எழுதிக் காட்டுனாரு. நம்ம புள்ள எவ்வளவு வாங்குதுங்கறது கணக்கில்லீங்க. நம்ம புள்ளைக்குச் சமமா, இல்லைன்னா கீழ, எத்தனை பேரு இருக்காங்கங்கறதுதான் கணக்கு. நூறு பேர்ல எம்பது பேரு கீழயோ சமமாவோ இருந்தா எம்பது பர்சன்டைல். மொத ஆளுக்கு நூறு எப்படி வருதுன்னா அவனுக்கு அவனும் சமம், அவனையும் சேத்து எண்ணிக்குவாங்க. எனக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. எடையே போடாம எடை சொல்றாங்களேன்னு இருந்துச்சு.

அதையும் ஊட்டுக்குக் கொண்டுவந்தேன். நாங்க மூணு பேரு. நானு மொத ஆளு, நூறு. பொண்ணு ரெண்டாவது, அறுவத்தாறு சொச்சம். சாந்தாமணிக்கு முப்பத்துமூணு சொச்சம். நான் எப்பவும் மொத ஆளாங்கறீங்களா? கேள்வி கேக்கறது நானு, அதுக்குச் சரியான பதிலும் எனக்குத்தானுங்களே தெரியும். சாந்தாமணி கத்துனா, கேள்வியும் நீங்க, பதிலும் நீங்க, திருத்தறதும் நீங்க, இது எந்த ஊரு நியாயம்னு. தேர்வு நடத்தறவங்களோட சண்டை போடக் கூடாதுன்னு சொல்லிப்போட்டேன். அதுலயும் ஒரு நாளு ரெண்டு பேருக்கும் சமமா வந்துச்சு. சமமா வந்தா வயசுல மூத்தவங்களுக்கு முன்னுரிமைன்னு சாந்தாமணியை மேல தூக்கி வெச்சேன். அவளுக்கு அதுவும் புடிக்கலை. கெழவின்னு சொல்றீங்களான்னு ரெண்டு நாளு மொகங் குடுக்கலை.

அப்புறம் நார்மலைசேசன்னு ஒண்ணு. காலைல எழுதுனவங்களுக்குக் கஷ்டமான கேள்வி, மத்தியானம் எழுதுனவங்களுக்குச் சுலுவான கேள்வின்னா மார்க்கை அப்படியே வெச்சா அநியாயமில்லீங்களா? அதனால அந்தந்த ஷிப்டுக்குள்ள யாரு யாருக்கு மேலன்னு பாத்து, அப்புறம் எல்லாத்தையும் ஒண்ணாச் சேப்பாங்க. இதை நான் பொண்ணுக்கு வெளக்கிக்கிட்டிருந்ததைச் சாந்தாமணி காதுல வாங்கிக்கிட்டா. மக்யா நாளே வந்து நின்னா. "எனக்கு அடுப்படி ஷிப்டு, உங்களுக்கு நாற்காலி ஷிப்டு. எனக்கு நார்மலைஸ் பண்ணுங்க"ன்னா. எப்படி இருக்குது பாருங்க. பண்ண முடியாதுன்னுட்டேன். அப்பன்னா எங்கண்ணன் ஊட்டுக்குப் போறேன்னு பையை எடுத்தா. நான் ஒரு நிமிசம் நின்னு கணக்குப் போட்டேன். இவ போனா ஊட்டுல ரெண்டே பேரு. பொண்ணு கடைசி ஆளாயிருவா. அறுவத்தாறுல இருந்து அம்பதுக்கு எறங்கிருவா. பரீட்சை நேரத்துல புள்ளைக்கு அது மனசு ஒடஞ்சு போகாதுங்களா? "சாந்தாமணி, புள்ள பர்சன்டைலுக்காகவாவது இரு"ன்னு கையப் புடிச்சுக் கெஞ்சுனேன். பையைக் கீழ வெச்சுட்டா.

அதுக்கப்புறந்தான் ஊடு வழிக்கு வந்துச்சு. ரெண்டு பேரும் விடக் கத்துக்கிட்டாங்க. "சோறு ஆச்சா?"ன்னா பதில் வராது. ஆயிருந்தா தட்டு வரும், ஆகலைன்னா வராது. "எங்க போறே?"ன்னா பதில் வராது. கதவு சாத்தற சத்தத்துல வெளியதான் போறான்னு தெரிஞ்சுக்குவேன். மார்கழி வர்றதுக்குள்ள ஊட்டுல டிவி சத்தங்கூட நின்னுபோச்சுங்க. சரியாச் சொல்லோணும்னா எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. பொண்ணு நெட்டு எறங்கவே இல்லை. ஏறவும் இல்லை, அது வேற.

ஒரு நாளு என்ற அக்கா பரமத்தியில இருந்து வந்துச்சு. என்ற பக்கத்துல ஒறம்பரை, சொந்தம்னு அது ஒண்ணுதான். வந்ததும் மிருதுளா கன்னத்தைத் தடவி, "நல்லா இருக்கியா கண்ணு?"ன்னு கேட்டுச்சு. புள்ள அத்தை மொகத்தைப் பாத்தா. என்னயப் பாத்தா. "விட்டுட்டேனுங்க அத்தை"ன்னா. எனக்குப் பெருமை தாங்கலை. அக்காளுக்கு மட்டும் என்னமோ ஆயிருச்சு, அன்னைக்குச் சாப்பிடவே இல்லை, வந்த பஸ்ஸுலயே திரும்பிப்போச்சு. அதுக்கு சுகர் இருக்குதுங்க, அதனாலயா இருக்கும்.

கோவில்பட்டிங்களா இது? டீ குடிக்கலாமுங்களா? வேண்டாமா. சரி. நீங்களும் அளந்துதான் பேசறீங்க, நல்ல பழக்கம். நானு ரெண்டு கடலை மிட்டாய் வாங்கிக்கறேன். புள்ளைக்குப் புடிக்கும். புடிக்கும்னுதான் நெனைக்கறேன். கேட்டு ரொம்ப நாளாச்சு.

தை மாசம் பரீட்சை. ஈரோட்டுல சென்டரு, மத்தியான ஷிப்டு. உள்ள போறதுக்கு முன்னால சென்டரு கேட் வாசல்ல நின்னு ஒண்ணே ஒண்ணு சொன்னேன். "கண்ணு, எந்தக் கேள்வியும் தொடறதுக்கு முன்னால நூத்துக்கு நூறு உறுதியான்னு கேட்டுக்க. இல்லைன்னா விட்டுரு"ன்னேன். தலையாட்டுனா. மூணு மணி நேரங் கழிச்சு வெளிய வந்தா. "எத்தனை போட்டே?"ன்னு கேட்டேன். பதில் இல்லை. கஷ்டமாயிருந்துச்சான்னு கேட்டேன். பதில் இல்லை. பஸ்ஸுல ஜன்னலோரமா உக்காந்துக்கிட்டா. பயிற்சின்னா இதுதான்னு நான் நெனச்சுக்கிட்டேன்.

மாசியில ரிசல்ட்டு. மேடைக் கம்ப்யூட்டர்லதான் பாத்தேன், ரெண்டு லாரி காத்துக்கிட்டு நிக்குது. மொத்தம் எழுவத்தஞ்சு. சரி சைபர். தப்பு சைபர். விட்டது எழுவத்தஞ்சு. மார்க் சைபர்.

ஆமாங்க, சைபர். நீங்க அப்படிப் பாக்க வேண்டியதில்லை. நானும் மொதல்ல அப்படித்தான் பாத்தேன். அப்புறம் கீழ பாத்தா பர்சன்டைல் பத்துச் சொச்சம். யோசிங்க. பன்னண்டு லட்சம் பேரு எழுதுனது. பத்துன்னா என்னாச்சு? ஒரு லட்சத்து இருவதாயிரம் பேரு என்ற பொண்ணுக்குக் கீழ, இல்லைன்னா சமம். ஒரு கேள்வியும் தொடாமங்க. அத்தனை பேரு ராத்திரி பகலாப் படிச்சு, கோச்சிங் போயி, உள்ள உக்காந்து அடி அடின்னு அடிச்சு மைனஸுக்குப் போயிருக்காங்க. இவ சும்மா உக்காந்து அவங்களத் தாண்டிட்டா. காத்துக்கிட்டிருந்த டிரைவருங்களுக்கு அரைக் கிலோ லட்டு வாங்கிக் குடுத்தேன். அண்ணா, புள்ளைக்கு எவ்வளவுங்கன்னு கேட்டாங்க. ஒரு லட்சத்து இருவதாயிரம் பேருக்கு மேலன்னு சொன்னேன். பெரிய விசயமுங்கன்னு சாப்பிட்டுப்போட்டுப் போனாங்க.

மணிபாரதி சாருகிட்டயும் லட்டோட போனேன். அவரு ரிசல்ட்டைப் பாத்துட்டு நாற்காலியில உக்காந்துட்டாரு. நான் தெரியாததைத்தானுங்க விடச் சொன்னேன்னாரு. தெரிஞ்சது எது, தெரியாதது எதுன்னு நீங்க தனியாச் சொல்லலீங்களேன்னு கேட்டேன். விட்டுட்டாரு.

ஊட்டுக்கு வந்து மிருதுளாவைக் கேட்டேன். கோவமா இல்லீங்க, சும்மாத்தான் கேட்டேன். ஏன் கண்ணு, ஒண்ணுகூடவா தெரியலைன்னு. அன்னைக்கு மட்டும் பேசுனா. மெதுவாத்தான் பேசுனா. "மொதக் கேள்விக்கு விடை தெரிஞ்சுதுங்கப்பா. நூத்துக்கு நூறு உறுதியான்னு கேட்டுக்கிட்டேன். உறுதின்னு சொல்ல வரலை. விட்டுட்டேன். ரெண்டாவதும் தெரிஞ்சுது. அதையும் கேட்டுக்கிட்டேன். எல்லாமே அப்படியே போயிருச்சுங்கப்பா"ன்னா. நல்ல வேளை கண்ணு, மைனஸு வராம நீ பாத்துக்கிட்டியேன்னேன். தட்டிக் குடுத்தேன். அவ அழுதா. பரீட்சை முடிஞ்ச அசதி.

சாந்தாமணி என்ன பண்ணுனா தெரியுமுங்களா? இது சொன்னா நம்ப மாட்டீங்க. மக்யா நாளு காலைல மேடைக்கு வந்தா. கையில ஒரு துணிப்பை. ஆறு மாசச் சீட்டையும் சேத்து வெச்சிருந்திருக்கறா. லாரி ஏத்தற மேடை நடுவுல பையை வெச்சா. எறங்கி ஜன்னல்கிட்ட வந்தா. "இதுக்கு ஒரு சீட்டு அடிங்க"ன்னா. எங்க மேடை அறுவது டன் மேடைங்க, அஞ்சு கிலோவுக்குக் கீழ எதையும் காட்டாது. போர்டுல சிவப்பு எழுத்துல சைபர்னு வந்துச்சு. அவ அதை நல்லாப் படிச்சா. பையை அங்கயே விட்டுட்டுப் போயிட்டா. பின்னால புண்ணாக்கு லோடுக்காரன் ஆரன் அடிச்சுக்கிட்டே இருந்தான். நான் போயிப் பையை எடுத்தேன்.

அதுக்கப்புறம் ஊட்டுக்குச் சீட்டு அடிக்கறதில்லை. நிறுத்திட்டேன்னு சொல்ல முடியாது, ரோலு தீந்துபோச்சு, வாங்கலை.

பொண்ணு ரூமைச் சாத்திக்கிட்டுப் பன்னண்டாவது பரீட்சைக்குப் படிச்சா. சாந்தாமணி வாசல்ல பாயைப் போட்டு உக்காந்துக்கிட்டா, நான் உள்ள போக முடியாது. ரிசல்ட்டு வந்துச்சு. நம்ம ஸ்டேட்டு கவுன்சிலிங்குக்குக் கணக்கு முழுசா நூறு, பிசிக்ஸுல பாதி, கெமிஸ்ட்ரியில பாதி, ஆக எரநூறுக்குக் கட்-ஆஃப் போடுவாங்க. நூத்தித் தொண்ணூத்தொண்ணு வாங்கிப்போட்டா. ஊரே பேசுச்சு. எனக்குத்தான் பெருசாத் தெரியலை. அதுல மைனஸே கெடையாதுங்களே. டேர் கழிக்காத எடையை எடைன்னு எப்படிங்க சொல்றது?

கவுன்சிலிங்குல காலேஜு வரிசை குடுக்கோணும். எது மொதல்ல வேணும், எது ரெண்டாவது வேணும்னு நாமளே வரிசைப்படுத்திக் குடுத்தா, மார்க்குக்குத் தக்கன மேல இருந்து பாத்துக்கிட்டே வந்து எது கெடைக்குதோ அதைத் தருவாங்க. அவளும் அவங்கம்மாளும் போயிக் குடுத்துட்டு வந்துட்டாங்க. எனக்குத் தெரியாது. ஒரு நாளு சாந்தாமணி மேடைக்கு வந்து, மொத எடமே கெடைச்சிருச்சுன்னு சொல்லி ஒரு பேப்பரைக் குடுத்தா. பாத்தா நாகர்கோவிலுக்கு அந்தாண்ட ஒரு காலேஜு. நான் பேரே கேட்டதில்லை. இந்த மார்க்குக்குக் கோயமுத்தூர்ல நல்ல காலேஜா கெடைக்கும், அதைத் தேடுனா அம்பத்தெட்டாவதா எழுதி வெச்சிருக்கறா. கடைசி எது தெரியுமுங்களா? எங்க மொட்டை மாடியில நின்னா தண்ணித் தொட்டி தெரியற காலேஜு. நாலு கிலோமீட்டரு. வரிசை தலைகீழாப் போயிருச்சு, கம்ப்யூட்டர் கோளாறுன்னு நெனச்சேன். மொத்தம் எத்தனைன்னு எண்ணுனேன். எழுவத்தஞ்சு.

அந்நேரம் மாதேசுன்னு ஒரு டிரைவரு, மக்காச்சோள லோடு, சீட்டுக்கு நிக்கறான். இருவது வருசமா வண்டி ஓட்டறவன். என்ற கையில இருந்த பேப்பரை எட்டிப் பாத்தான். மேல இருந்து கீழ வரைக்கும் ஊரு பேரை மட்டும் படிச்சான். "ஏனுங்ணா, இது எங்க டிரிப் சீட்டு மாதிரி இருக்குதே. தூரத்துல இருந்து ஒவ்வொண்ணா நம்மூருக்கு வருது"ன்னான்.

அவனுக்குச் சீட்டு அடிச்சுக் குடுத்து அனுப்பிப்போட்டுக் கதவைச் சாத்துனேன். ஃபோன்ல மேப்பைப் போட்டேன். எங்க ஊட்டு வாசப்படியில இருந்து ஒவ்வொரு காலேஜுக்கும் எத்தனை கிலோமீட்டருன்னு பாத்து ஓரத்துல எழுதுனேன். மூணு மணி நேரமாச்சு, பரீட்சை நேரந்தான். ஒண்ணு, சரி. ரெண்டு, சரி. பத்து வரைக்கும் சரி. முப்பத்தொண்ணுக்கும் முப்பத்திரண்டுக்கும் வந்தா மாறியிருக்குது. முப்பத்திரண்டாவதுதான் தூரம். அகப்பட்டியா அம்மிணின்னு மைனஸ் ஒண்ணு போட்டேன். மனசு கேக்காம மாதேசுக்கு ஃபோனைப் போட்டுக் கேட்டேன். அந்த முப்பத்தொண்ணுக்குப் போற வழியில பாலத்தை இடிச்சுப்போட்டாங்க, வருசமாச்சு, சுத்தித்தான் போவோணும், மேப்பு பழசுங்ணான்னான். சுத்திப் போனா முப்பத்தொண்ணுதான் தூரம். அவ அதையும் பாத்து எழுதியிருக்கறா. மைனஸை அடிச்சுட்டு நாலு போட்டேன்.

எழுவத்தஞ்சும் சரிங்க. ஒண்ணுகூட விடலை. ஒண்ணுகூடத் தப்பில்லை. முன்னூறுக்கு முன்னூறு.

ரோலு வாங்கியாந்து சீட்டு அடிச்சேன். இந்தாங்க, பாருங்க, இங்க சட்டைப் பையில இருக்குது. வண்டி எண் மிருதுளா. சரக்குங்கற எடத்துல என்ன போடறதுன்னு தெரியலை, வெறுமனே விட்டுட்டேன். கிராஸ் முன்னூறு, டேர் சைபர், நெட்டு முன்னூறு. இருவத்தாறு வருசத்துல டேர் சைபர்னு நான் அடிச்ச ஒரே சீட்டு இதுதானுங்க. டேர் இல்லாம வண்டி கெடையாதே. அந்த எடத்துல அவ என்னய எறக்கி வெச்சுட்டாளோன்னு கூட ஒரு நாளு தோணுச்சு. எறக்கி வெச்சுட்டுத்தான் போயிருக்கறா.

அவ காலேஜுக்குப் போயி அஞ்சு மாசமாச்சு. அம்மாளுக்கு தினம் பேசறா. ரூம்ல சிரிக்கற சத்தம் ஃபோன்ல எனக்கே கேக்குதுங்க. ஒண்ணு கேட்டா ஒம்பது சொல்றாளாம், சாந்தாமணிதான் சொன்னா. என்கிட்ட இல்லை. போன வாரம், "பாக்க வரட்டுமா கண்ணு?"ன்னு மெசேஜ் போட்டேன். படிச்சிருக்கறா, நீலமாயிருச்சு. பதில் இல்லை. மக்யா நாளும் போட்டேன். நேத்தும் போட்டேன். மூணும் நீலமாயிருச்சு. மூணுக்கும் பதில் இல்லை.

வேண்டாம்னு சொல்லலீங்களே. சொல்லியிருந்தா மைனஸு. சொல்லலை. விட்டிருக்கறா. விட்டுட்டா சைபர்தானுங்க? மைனஸ் இல்லீங்களே? அதான் கெளம்பிட்டேன். சாந்தாமணி முறுக்குப் போட்டுக் குடுத்தா. கேட்டுல நின்னு, "புள்ளைகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. மொகத்தைப் பாத்துட்டு மட்டும் வாங்க"ன்னா. அவளா என்கிட்ட இப்படிப் பேசி ரொம்ப நாளாச்சுங்க.

ஆனா இந்தச் சீட்டைக் குடுக்கறதா வேண்டாமான்னுதான் தெரியலை. குடுத்தாச் சந்தோசப்படுவாளா, கதவைச் சாத்திக்குவாளா? மதுரையில இருந்து அதையேதான் நெனச்சுக்கிட்டு வாறேன். பயமா இருக்குதுங்க. பெத்த பொண்ணைப் பாக்கப் போறதுக்கு யாராவது பயப்படுவாங்களா? நான் பயப்படறேன்.

தாழையூத்து வந்துருச்சு. அடுத்தது நீங்க எறங்கோணும். ஃபைலை நல்லாப் புடிச்சுக்கோங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன், எறங்கறதுக்கு முன்னால சொல்லிட்டுப் போங்க. நீங்களும் புள்ளையைப் பெத்தவரு. மூணு தடவை கேட்டும் பதில் சொல்லாத புள்ளையை நான் போயிப் பாக்கலாமுங்களா, இல்லை அடுத்த ஸ்டாப்புல எறங்கித் திரும்பிப்போயிரட்டுமா?

ஏனுங்க, ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்கறீங்க.

மார்க்குப் போட மாட்டேனுங்க. சும்மா சொல்லுங்க.